பன்னிரண்டு பேருக்குச் சோறு

தலைவனின் வாயில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

பெயிண்ட்தான் உரிந்துவிட்டதென்று யுகேந்திரன் முதலில் நினைத்தான். மேசை விளக்கைக் கிட்டே இழுத்து, நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தபோதுதான் அது காய்ந்து விறைத்த சோறு என்று தெரிந்தது. அந்தப் பொம்மையின் மொத்த உயரமே கட்டைவிரலில் பாதி. அதன் வாய் ஒரு கடுகுகூட இருக்காது. அந்த வாய்க்கு நேராக, மீசைக்குக் கீழே நின்ற பருக்கையில் ஒரு முனையைக் காணவில்லை. உடைந்திருந்தால் கோணல்மாணலாக இருந்திருக்கும். இது பிறைபோல் உள்வாங்கி, ஓரத்தில் வரிசையாகப் பல் பட்ட தடத்தோடு இருந்தது.

எறும்பு என்று சொல்லிக்கொண்டான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சோறு எங்கேதான் ஒட்டாது? காலையில் நிலானிக்குக் கஞ்சி ஊட்டும்போது அவள் கையைத் தட்டிவிட்டதில் சுவர்வரைக்கும் தெறித்தது. சாமணத்தால் பருக்கையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டான். அது லேசில் வரவில்லை. பிடித்துக்கொண்டிருந்த யாரோ மனமில்லாமல் விட்டதுபோல் கடைசியில் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம். பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில், வெளியே வானம் காலையிலிருந்தே ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி சுபாஷினி வியாழக்கிழமையே தாசேக் கெலுகோர் போய்விட்டாள். அவள் அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன். ஞாயிறு வரைக்கும் குழந்தை இவன் பொறுப்பு. அதற்காகவே லீவு போட்டிருந்தான். எட்டு மாத நிலானி கூடத்தின் நடுவே, உத்தரத்திலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் மேலும் கீழுமாக முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் விழித்துவிடுவாள் என்பதால், கடந்து போகும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போக வேண்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் சில்லுகளைப் பார்க்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்தும் சின்னச் சாமான்களைத்தான் பார்க்கத் தோன்றியது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் வீரர்கள்: ஐரோப்பாவில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கூலிப்படை. கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக ஒரு சட்டத்தில் கோத்திருக்கும். வெட்டி, ஒட்டி, வர்ணம் தீட்ட வேண்டும். சில பேர் பெட்டியில் உள்ளபடியே செய்வார்கள். யுகேந்திரனுக்கு அது பிடிக்காது. ஒருவனின் கையை வெட்டி இன்னொருவனுக்கு வைப்பான், தலையைத் திருப்புவான், இல்லாததைப் பச்சைப் புட்டி என்கிற பசைமாவில் பிசைந்து செய்வான். இந்தப் பன்னிரண்டு பேரின் இறகுத் தொப்பிகளையும் சீவி எறிந்துவிட்டு முண்டாசு கட்டினான். ஈட்டி முனைகளை வளைத்து அருவாள் ஆக்கினான். புட்டியில் முறுக்கு மீசை வைத்தான். தலைவனுக்கு மட்டும் கண்களைக் கொஞ்சம் பெரிதாக எழுதி, ஓரத்தில் சிவப்பு ஓட விட்டான். வெள்ளைக்காரப் படை நம்ம ஆட்களாகி நின்றதைப் பார்க்க அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவனோடு இந்தப் பொம்மைகளை வைத்துப் போர் விளையாடும் வாசுதான், இவன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். போர்ச் சரித்திரமெல்லாம் வாசுவுக்குத் தலைகீழ் பாடம்.

"சோறு போடுற வரைக்கும் இவனுங்க உயிரக் குடுத்துக் காவல் காப்பானுங்க லா. நம்ம ஃபேக்டரி கேட்டுல நிக்கிற ஜாகா மாதிரி தூங்க மாட்டானுங்க. சோறு நின்னா வேற கத. காத்த ஊருக்குள்ளயே பூந்து கெடச்சத தூக்கிட்டுப் போயிருவானுங்க."

நல்ல ஆட்கள்தான் என்று இவனும் சிரித்திருந்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. வர்ணம் காய்வதற்காகப் பன்னிரண்டு பேரையும் ஜன்னலைப் பார்த்துத்தான் வரிசையாக வைப்பான், எப்போதும் அப்படித்தான். போன மாதமெல்லாம் அவர்கள் கலைந்து நின்றார்கள். சிலர் வாசலைப் பார்த்து, சிலர் பால்கனியைப் பார்த்து, சிலர் சமையலறையைப் பார்த்து. எல்லோருடைய முதுகும் தொட்டில் பக்கம். தூசி தட்டும்போது சுபா நகர்த்தியிருப்பாள் என்று அவன் பேசாமல் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவள் ஊரிலேயே இல்லை. பன்னிரண்டு பேரும் தொட்டிலைப் பார்த்து நின்றார்கள்.

ஒவ்வொருவரையும் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். குழந்தையை எட்டிப் பார்த்தான். சாரோங்கின் மடிப்புக்குள் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கினாள், நெற்றியில் வியர்வை முத்து. பாலும் பவுடரும் கலந்த வாசனை. அதைச் சுவாசித்ததும் அவனுக்கு மூச்சு சீரானது.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு நூர்ஜான் அக்கா, கையில் மூடி போட்ட கிண்ணத்தோடு.

"சுபா இல்லைன்னு தெரியும் தம்பி, அதான் கொஞ்சம் சூப்பு. பசியாறுனீங்களா இல்லையா?"

"ஆச்சுக்கா. ஏங்க்கா உங்களுக்குச் சிரமம்?"

அவள் அவன் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கம் முகத்தில் இருந்தது.

"வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்களா?"

"இல்லையே. நானும் பாப்பாவும்தான்."

"நேத்து மத்தியானம் புடிச்சு ஒரே நடக்கிற சத்தம் தம்பி. ஓடுற சத்தம் இல்ல. எல்லாரும் ஒண்ணா கால் எடுத்து வெக்கிற மாதிரி. எங்க வீட்டு லைட்டு ஆடுது. சரி, புள்ள தூங்குறப்ப கூட்டம் வேணாம்னுதான் சொல்ல வந்தேன்."

அவள் போன பிறகு வெகுநேரம் அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். மழை பிடித்துக்கொண்டது. பால்கனிக் கண்ணாடியில் அது அறைந்த சத்தத்துக்குள் வேறு சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று காது தானாகத் தேடியது. ஸ்பிரிங்கின் முனகல். குளிர்பெட்டியின் உறுமல். எங்கோ தண்ணீர் இறங்கும் குழாய். அவ்வளவுதான்.

தொட்டிலைத் தட்டப் போனவன் கால் எடுக்காமல் நின்றுவிட்டான். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி வந்தபோது பவுடர் டப்பா கைதவறிக் கொட்டியிருந்தது. அப்புறம் துடைக்கலாம் என்று விட்டிருந்தான். தொட்டிலுக்குக் கீழே டைல்ஸில் மெல்லிய வெள்ளைப் படலம். அதில் வட்டங்கள் பதிந்திருந்தன. ஐம்பது காசு அளவில், அச்சு வைத்ததுபோல், ஒன்றையடுத்து ஒன்று. அவனுடைய வீரர்களுக்குப் பாதம் தரையில் படாது. ஒவ்வொருவரையும் வட்டமான ஒரு பிளாஸ்டிக் வில்லைமேல் பசை போட்டு நிறுத்தியிருக்கிறான். அந்த வில்லை ஐம்பது காசு அளவுதான்.

வட்டங்கள் மேசைக்காலிலிருந்து கிளம்பி வந்திருந்தன. தொட்டிலுக்கு நேர் கீழே வந்ததும் பரவி, ஒரு வளையமாக நின்றிருந்தன. எண்ணினான். பன்னிரண்டு.

பயந்துவிட்டான், அதை மறைக்கவும் அங்கே யாரும் இல்லை. போனை எடுத்து சுபாவைக் கூப்பிட்டான்.

"சுபா, என் மேசையில இருக்கிற பொம்மைங்கள நீ எடுத்தியா?"

போனில் அவளுக்குப் பின்னால் அம்மா யாரிடமோ சொட்டு மருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுபா."

"திட்டக் கூடாது."

"சொல்லு."

"பாப்பாவுக்குக் காய்ச்சல்ல வெட்டு வந்து இழுத்துச்சே, ரெண்டு மாசத்துக்கு முன்ன. நீங்க நைட் ஷிஃப்ட். போனு லாக்கர்ல. எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா? புள்ள கண்ணு மேல போயிருச்சுங்க. ஆம்புலன்ஸ் வரல. எனக்கு என்ன செய்யுறதுன்னே தெரியல. திரும்பினா அவரு மேசையில நிக்கிறாரு. மீச, அருவா, அந்தக் கண்ணு. எங்க தோட்டத்துல எல்லையில நிப்பாரே, முனி, அதே மாதிரி. சட்டியில இருந்த சோத்த ஒரு மூடியில வெச்சுக் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"எம்புள்ளைய யாரும் தொடாம பாத்துக்க. ஒனக்கும் ஒன் ஆளுங்களுக்கும் நான் தெனம் சோறு போடுறேன். அவ்ளோதான். அஞ்சு நிமிஷத்துல காய்ச்சல் எறங்கிருச்சு. அதுலேர்ந்து தெனம் நீங்க தூங்குறப்ப வெப்பேன். மூடி காலியாயிரும். எறும்புன்னு நெனச்சேன்." அவள் குரல் தாழ்ந்தது. "ஏங்க, நான் வந்து மூணு நாளாச்சு. உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. வெச்சீங்களா?"

"அது சாமி இல்ல சுபா." அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "அது கூலிக்கு வந்தவன்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. முனிக்குச் சோறு வைக்க மறந்தால் கோபப்படுவார், கனவில் வருவார், காலில் விழுந்தால் மன்னிப்பார். அவருக்கு எல்லை உண்டு, எல்லைக்குள் இருக்கிற பிள்ளைகள் அவர் பிள்ளைகள். இவர்களுக்கு எந்த எல்லையும் இல்லை, ஊரும் இல்லை. சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தவர்கள். அவன்தான் வெட்டினான். அவன்தான் முகம் வைத்தான்.

"நான் இப்பவே கெளம்புறேன்," என்றாள் சுபா. "என் தம்பி காடி ஓட்டிட்டு வர்றான். நீங்க மொதல்ல சோறு வைங்க. புள்ளைய விட்டுத் தள்ளிப் போகாதீங்க."

வைத்தான். அவசரத்தில் பானையின் மூடி இரண்டு தடவை விழுந்தது. வாழை இலைக்கு எங்கே போவான். சின்ன வெள்ளித் தட்டில் சூட்டோடு சோறு, நூர்ஜான் அக்கா சூப்பிலிருந்து ஒரு துண்டு கோழி. மேசைமேல் வைத்துக் கும்பிட்டான். கும்பிடும்போதே உடம்பு கூசியது, தன் கையால் செய்த பொம்மையிடம் கெஞ்சுகிறோமே என்று. "தெரியாமப் போச்சு. சாப்பிடுங்க. நாளையிலேர்ந்து விடாம வெக்கிறோம்."

தொட்டிலுக்குப் போய் ஸ்பிரிங்கைத் தட்டிவிட்டுத் திரும்பினான். ஏழெட்டு அடி நடந்திருப்பான். சோறு அப்படியே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்து அவன் திருப்பி வைத்த பன்னிரண்டு பேரும் மறுபடி தொட்டில் பக்கம் திரும்பியிருந்தார்கள். தட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு.

சோறு வேண்டாம் அவர்களுக்கு. அந்தப் பேச்சு முடிந்துபோயிருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தான். எங்கே ஓடுவது? லிஃப்ட்டுக்கு நீண்ட நடைபாதை. கொட்டுகிற மழை. இவர்களை இப்படியே விட்டுப் போனால் இன்று இல்லாவிட்டால் நாளை. செய்தவனுக்கு அழிக்கவும் தெரியும். அந்த யோசனை வந்ததும் கொஞ்சம் தைரியமும் வந்தது. வர்ணம் பிசகிப்போன பொம்மைகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் ஒரு நாளில் எல்லாம் கழன்று வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். மீசை போகும், கண் போகும், புட்டி இளகி முண்டாசு விழும். முகம் இல்லாதவன் என்ன செய்ய முடியும்?

மேசைக்கடியில் ஊறுகாய் ஜாடி இருந்தது. ஒவ்வொருவராகப் போட்டான். விரல்களுக்கு நடுவே அவர்கள் பொம்மை கனம்தான் கனத்தார்கள். துள்ளவில்லை, கடிக்கவில்லை. தலைவனைக் கடைசியாகப் போட்டான். போடும்போது அருவாள் முனை கட்டைவிரலில் கீறியது. ஸ்பிரிட்டைக் கழுத்துவரை ஊற்றி, மூடியை முறுக்கி இறுக்கினான். காட்டமான நெடி மூக்கில் ஏறியது. பன்னிரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்து கிடந்தார்கள். சிவப்பும் பழுப்பும் புகைபோல் கசியத் தொடங்கியது.

நாற்காலியில் உட்கார்ந்தான். ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வர்ணம் வேகமாகப் போனது. ஒரு நாள் ஆகவேண்டியது பத்து நிமிஷத்தில். முதலில் கால்சராய்களின் கோடுகள். பிறகு முகங்கள். கலங்கிய நீருக்குள் சாம்பல் நிற உடம்புகள் தெரிந்தன, மொட்டையாக, யாருடையவோ போல். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

ஸ்பிரிட் குறைந்திருந்தது.

மூடியைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. ஜாடியின் அடியைத் தடவினான். ஈரமில்லை. கழுத்துவரை ஊற்றியது பாதிக்கு வந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது. காவல் தெய்வத்தின் படையலில் சோறு வைத்து, கறி வைத்து, கடைசியில் எதை ஊற்றுவார்கள் என்று தெரியாத தமிழன் இந்தப் பினாங்கில் இல்லை. சோற்றுக்கு முதுகு காட்டியவர்களுக்கு அவன் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறான். கழுத்துவரை.

ஜாடி காலியானது. அடியில் பன்னிரண்டு சாம்பல் கூடுகள். எடை இல்லாதவை. உள்ளே யாரும் இல்லை.

ஸ்பிரிங் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது? தெரியவில்லை.

எழுந்தான். நாற்காலி விழுந்தது. ஏழெட்டு அடி. தொட்டில் அசையாமல் தொங்கியது. சாரோங்கை இரண்டு கையாலும் விலக்கினான்.

இருந்தாள்.

கண்மூடி, கை மூடி, இருந்தாள். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாரி எடுத்து மார்போடு அணைத்தான். குளிர்ந்திருந்தாள், மழைக் குளிர்தான், மின்விசிறி வேறு. விசிறியை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் துண்டால் சுற்றினான். கீழே, வெகு கீழே, எந்த வீட்டுக் குழந்தையோ வீறிட்டு அழுதது. மழையில் அந்த அழுகை ரோட்டுப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. குழந்தை விழித்துவிடப் போகிறதே என்று, எப்போது திறந்ததென்று தெரியாத பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

ஆறு மணிக்குச் சுபா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து குழந்தையை அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டாள். கன்னத்தில், தலையில், கழுத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள்.

"ஒண்ணும் ஆகலல்ல? சாமி. எந்தங்கம். அம்மா வந்துட்டேன்லா."

"ஒண்ணும் ஆகல," என்றான் அவன். சொல்லும்போது நம்பினான்.

"அழவே இல்லையா? பால் குடிச்சாளா?"

"தூங்கிட்டே இருந்தா."

மழை விட்டு, மேற்கே மேகத்துக்குக் கீழே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. ஜன்னல் வழியாக அது சாய்ந்து விழுந்தது. சுபா குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். குழந்தையின் பின்னங்கழுத்து வெளிச்சத்துக்கு வந்தது.

பிளாஸ்டிக் பொம்மை எதுவும் இரண்டு பாதி அச்சுகளுக்கு நடுவே பிறப்பது. பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு உடம்பைச் சுற்றி நிற்கும். வர்ணம் தீட்டுவதற்கு முன்னால் அதைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். அவசரக்காரர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது.

கோடு காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, சட்டைக்குள் போயிற்று. சட்டைக் கையிலிருந்து வெளியே வந்தது. முழங்கை. மணிக்கட்டு. சுண்டுவிரல்.

தொங்கிய குதிகாலில், சதுரமாக, சட்டத்திலிருந்து வெட்டிய முளை.

விரல் மடிப்புகளில் பழுப்பு நிழல் இறங்கியிருந்தது. கன்னத்தின் மேட்டில் ஒரு வெளிர்ப்பூச்சு. நல்ல வேலை. ஆனால் சுரண்டவில்லை.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் சுபா. "பாருங்க, முழிச்சுட்டா. அப்பாவப் பாக்குறா."

அவள் நின்று, குழந்தையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கண்கள் திறந்திருந்தன. ஈரம் இல்லாத வெள்ளை. நடுவே கறுப்புப் புள்ளி, தூரிகை நுனியால் ஒரே தொடலில் வைத்தது.

சுபா அந்தக் கழுத்தில், கோட்டின்மேல், மறுபடி முத்தம் வைத்தாள். தாலாட்டுபோல் ஏதோ முனகத் தொடங்கினாள். தோளில் கிடந்தது அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இமைக்கவில்லை.